அளவுகோல் யார் கையில்? – இணைய வேகத்துக்குச் சட்டம் வந்த கதை

சென்ற மாரிகாலத்தில் ஒரு ஞாயிறு மாலை, இணையவழியாக நடந்த கலந்துரையாடல் ஒன்றில் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகள் பற்றி நான் அரைமணி நேரம் பேசுவதாக இருந்தது. பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் நண்பர்கள் வந்திருந்தனர். பத்தாவது நிமிடத்தில் என் குரல் உடையத் தொடங்கியது. பிறகு படம் உறைந்தது. "அண்ணை, வாயைத் திறந்தபடி நிக்கிறியள், சத்தம் வரேல்லை" என்று ஒருவர் எழுதினார். நான் மீண்டும் உள்ளே வந்தபோது விவாதம் வேறிடத்துக்குப் போய்விட்டது. இரவு அதே நண்பர் தொலைபேசியில் அழைத்து, "மலிவான இணைப்பு எடுத்தால் உப்பிடித்தான்" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. என் இணைப்பு மலிவானதல்ல. மாதம் 40 யூரோவுக்கு நொடிக்கு 100 மெகாபிற் என்று எழுதிய ஒப்பந்தம் என் அலுமாரிக்குள் இருக்கிறது. இத்தகைய உரையாடலுக்கு மூன்று, நான்கு மெகாபிற் போதும். எனவே கேள்வி மலிவைப் பற்றியதல்ல. 100 என்று எழுதிவிட்டு நாலைக்கூடத் தராதவரிடம் கணக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டா, உண்டென்றால் அந்த உரிமை எப்போது, எப்படி வந்தது என்பதே கேள்வி.

ஒரு காலத்தில் நான் வரலாறு படிப்பித்தவன். இப்போது ஜேர்மனியின் ஒரு சிறு நகரில் உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு அளவுகருவி இருக்கும். அதை அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்ற திகதி அதன்மேல் ஒட்டியிருக்கும். திகதி கடந்த கருவியால் அளந்தால், பாகம் சரியாக இருந்தாலும் அளந்தது செல்லாது. மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் பாகம் சிவப்புப் பெட்டிக்குள் போகும். 'கிட்டத்தட்டச் சரி' என்றொரு பெட்டி அங்கே இல்லை. அளக்கப்படாத சரக்கு அங்கே சரக்கே அல்ல. அதே மனிதன் மாலையில் வீடு வந்து ரவுட்டரைப் பார்த்தபடி இருக்கும்போது, தான் வாங்கிய சரக்கை அளக்க வழியில்லாமல் இருக்கிறான். இந்த முரண்தான் என்னை இதை எழுத வைத்தது.

அளவையும் அதிகாரமும்

அளவைகளின் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமல்ல என்பதைப் போலந்து வரலாற்றாசிரியர் விற்றோல்ட் கூலா 1970இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டினார். நிலப்பிரபுவின் தானிய மரக்கால் ஏன் காலத்தோடு பெருத்தது, தானியத்தைக் குவித்து அளப்பதா தலைதட்டி அளப்பதா என்பதற்காக ஏன் தலைமுறை தலைமுறையாகச் சண்டை நடந்தது என்பவற்றை அவர் ஆராய்ந்தார். குத்தகையின் தொகை ஏட்டில் மாறாமல் இருக்க, அதை அளக்கும் மரக்கால் மாறலாம். 1789இல் பிரெஞ்சு மக்கள் மன்னனுக்கு எழுதிய குறை மனுக்களில் ஒரே எடை, ஒரே அளவை என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது இதனால்தான். ஜேர்மன் நிலங்களிலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த முழமும் மரக்காலும் 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் 1872இல் மீற்றருக்கும் கிலோவுக்கும் வழிவிட்டன.

தானியத்தைக் கண்ணால் காணலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குழாய் வழியாக வீட்டுக்குள் அனுப்பி விற்கத் தொடங்கியபோது புதிய சிக்கல் பிறந்தது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியாக நான் கருதுவது 19ஆம் நூற்றாண்டு லண்டனின் எரிவாயு விளக்கை. கம்பனிகள் தமக்குள் போட்டியிட்ட காலம் முடிந்து, நகரை வட்டாரங்களாகப் பங்கிட்டுக்கொண்ட பின், பாவனையாளருக்குத் தெரிவு இல்லாமற் போனது. வாயு கன அடிக் கணக்கில் விற்கப்பட்டது. கன அடி சரியாகவே இருக்கும். ஆனால் தரங்குறைந்த வாயுவின் சுடர் மங்கலாக எரியும். பணம் கொடுப்பவருக்கு வேண்டியது வெளிச்சம், ரசீதில் இருந்தது கொள்ளளவு.

1860ஆம் ஆண்டு லண்டனுக்கான எரிவாயுச் சட்டம் கம்பனிகளின் ஏகபோக வட்டாரங்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு ஒரு விலையும் வைத்தது. சாதாரண வாயுவின் சுடர், திமிங்கிலக் கொழுப்பில் செய்த, குறித்த எடையுள்ள 12 மெழுகுதிரிகளின் வெளிச்சத்துக்குக் குறையக்கூடாது. 1868இல் வந்த இன்னொரு சட்டம் எப்படி, எந்தக் கருவியால் சோதிப்பது என்று விதிக்க எரிவாயு நடுவர்கள் என்ற பதவியையே உருவாக்கியது. இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்கும்படி வாசகரைக் கேட்கிறேன். அளவு பாவனையாளருக்கு வேண்டியதை, அதாவது வெளிச்சத்தை அளந்தது. சோதனை கம்பனியின் கையில் இருக்கவில்லை. வீட்டுக்காரரும் தன் வீட்டில் மெழுகுதிரி ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பொது அதிகாரி அவருக்காகச் சோதித்தார். இந்த மூன்றில் எத்தனை இன்று நம் இணையத்துக்குக் கிடைத்திருக்கின்றன?

பங்கெடுப்பவரும் வாடிக்கையாளரும்

ஜேர்மனியில் தந்தியும் தொலைபேசியும் அரசின் தனியுரிமை என்பதை 1892ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் உறுதிசெய்தது. அந்த உலகில் தொலைபேசி வைத்திருந்தவர் வாடிக்கையாளரல்ல. அவருக்கு இருந்த ஜேர்மன் சொல்லின் பொருள் 'பங்கெடுப்பவர்'. கேட்க அழகான சொல். ஆனால் பங்கெடுப்பவர் விண்ணப்பிப்பார், காத்திருப்பார், அஞ்சல் துறை தரும் கருவியையே பாவிப்பார். அனுமதியில்லாத கருவியைத் தன் வீட்டுக் கம்பியில் பொருத்துவது சட்டவிரோதம். தரம் பற்றிக் கேள்வி எழுந்தால், அரசு தன் தரத்தைத் தானே அளக்கும்.

1989இல் அஞ்சல் துறையிலிருந்து தொலைத்தொடர்பு பிரிக்கப்பட்டது. 1995 ஜனவரி முதலாம் திகதி அது பங்குக் கம்பனியானது. 1998 ஜனவரி முதலாம் திகதி தொலைபேசிச் சந்தை முழுமையாகத் திறக்கப்பட்டது. அன்றே ஒழுங்காற்று அதிகாரசபையும் வேலையைத் தொடங்கியது. 2005 முதல் அதன் பெயர் கூட்டாட்சி வலையமைப்பு முகவரகம். இதற்கு முன், 1994இல், அரசியலமைப்பில் 87எஃப் என்ற உறுப்பு சேர்க்கப்பட்டது: நாடெங்கும் பொருத்தமான, போதுமான தொலைத்தொடர்புச் சேவை கிடைப்பதைக் கூட்டாட்சி அரசு உறுதிசெய்யும். 'போதுமான' என்றால் எவ்வளவு? அடுத்த 27 ஆண்டுகளின் கதை அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது.

நான் 1999இல் இங்கு வந்தேன். சந்தை திறந்து ஓராண்டு. எங்களுக்கு அது தொலைபேசிக் காட்டுகளின் காலம். வவுனியாவில் அம்மா ஒரு கொமினிகேசன் கடையில் காத்திருப்பா. நான் இங்கே அகதி விடுதிக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டில் காட்டைச் சுரண்டி இலக்கத்தை அழுத்துவேன். 'உங்களுக்கு 60 நிமிடங்கள் உள்ளன' என்று ஒரு குரல் சொல்லும். 35ஆவது நிமிடத்தில் வசனம் பாதியில் அறுந்துவிடும். இணைப்புக் கட்டணம், மூன்று நிமிடத்துக்கொரு முறை கூட்டி எண்ணுவது, நாட்கட்டணம் என்று காட்டின் பின்பக்கம் எறும்பெழுத்தில் ஏதேதோ இருக்கும். யாரிடம் முறையிடுவது? விற்ற கடைக்காரரும் எங்களைப் போன்றவரே. இந்த நாடு என்னைக் குடிமகனாக ஏற்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வாடிக்கையாளனாக ஏற்றுக்கொண்டது. ஆனால் வாடிக்கையாளனுக்குரிய பாதுகாப்பு அந்த ஏற்போடு வரவில்லை. அழைப்புக்கு அழைப்பு வேறு கம்பனியைத் தெரியும் முறையில், பேசத் தொடங்குமுன் விலையைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 2012 ஓகஸ்டில்தான் வந்தது. சந்தை 1998இல் வந்தது, விலையைச் சொல்லும் கடமை 14 ஆண்டுகள் பிந்தி வந்தது. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வருவதும் இதே ஒழுங்கில்தான் வருகிறது.

'வரை' என்ற சொல்

1999இல்தான் தொலைபேசிக் கம்பி வழியான அகலப்பட்டை இணையமும் இங்கு விற்பனைக்கு வந்தது: நொடிக்கு 768 கிலோபிற். அதன்பின் வந்த எல்லா விளம்பரங்களிலும் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டது. 16 மெகாபிற் 'வரை', 50 மெகாபிற் 'வரை'.

அந்தச் சொல்லில் தொழில்நுட்ப உண்மையும் உண்டு, அதை மறுப்பது நியாயமாகாது. செப்புக் கம்பியில் சமிக்ஞை தூரத்தோடு தேய்கிறது. பரிமாற்றப் பெட்டிக்கு அருகில் இருப்பவருக்குக் கிடைக்கும் வேகம், இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருப்பவருக்குக் கிடைக்காது. தொலைக்காட்சிக் கேபிள் வழியாக வரும் இணையத்தில் வேறொரு விதி. அங்கே ஒரு வட்டாரத்தின் வீடுகள் எல்லாம் ஒரே கொள்ளளவைப் பங்கிடுகின்றன. நண்பகலில் எல்லாம் சரியாக ஓடும். இரவு எட்டு மணிக்கு அனைவரும் படம் பார்க்கத் தொடங்கும்போது ஒவ்வொருவரின் பங்கும் சுருங்கும். எனது இணைப்பு இந்த இரண்டாவது வகை.

ஆனால் ஒரு வட்டாரத்தில் எத்தனை வீடுகளை ஒரே குழாயில் மாட்டுவது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது கம்பனி. எந்த வட்டாரம் எந்த மணிக்கு நிரம்பி வழிகிறது என்ற கணக்கும் அதன் கையில்தான் இருக்கிறது. விற்பவருக்கு எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு 'வரை' என்ற சொல் மட்டும் தெரியும். நூறு மெகாபிற் 'வரை' என்று எழுதி ஒன்று கொடுத்தாலும் எழுத்துப்படி அது பொய்யல்ல.

அரசும் இந்தச் சொல்லைப் பாவிக்கக் கற்றுக்கொண்டது. 1981இல் சமூக ஜனநாயகவாதிகள் தலைமையிலான அரசு நாட்டின் தொலைபேசி வலையமைப்பைக் கண்ணாடியிழைக்கு மாற்றும் நீண்டகாலத் திட்டமொன்றை எண்ணியது. அடுத்து வந்த அரசு தொலைக்காட்சிக்கான செப்புக் கேபிளுக்கு முன்னுரிமை கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில், இணைந்த கிழக்கு ஜேர்மனியில் பல இடங்களில் உண்மையிலேயே கண்ணாடியிழை போடப்பட்டது. ஆனால் அது தொலைபேசிக்காக அமைக்கப்பட்டது. பின்னர் செப்புக்கம்பியை நம்பிய புதிய இணையத் தொழில்நுட்பம் வந்தபோது, நவீன இழை பெற்ற அந்த வீடுகளே பல ஆண்டுகள் வேகமான இணையமின்றிக் காத்திருந்தன. 2009ஆம் ஆண்டு அகலப்பட்டைத் திட்டம் 2014க்குள் 75 வீத வீடுகளுக்கு 50 மெகாபிற் என்றது. பின்னர் 2018க்குள் எல்லோருக்கும் 50 என்றார்கள். 2018 கடந்து போனது, எல்லோருக்கும் வரவில்லை.

2013 ஏப்ரலில் நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான டொயிச்ச ரெலிகொம், எல்லையற்ற பாவனை என்று விற்ற இணைப்புகளில் குறித்த அளவு தீர்ந்ததும் வேகத்தை 384 கிலோபிற்றுக்குக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் கேள்ன் நகர நீதிமன்றம், எல்லையற்றது என்று விற்றுவிட்டு இப்படிக் குறைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இணைய வேகம் என்பது நிறுவனத்தின் தயவல்ல, ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் என்ற எண்ணம் பொதுமக்களிடையே வேரூன்றியது இந்தச் சர்ச்சையில்தான் என்பது என் கணிப்பு.

ஏட்டில் ஏறிய எண்கள்

2015 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் திறந்த இணையம் பற்றிய ஒழுங்குவிதியை நிறைவேற்றியது. அது 2016 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. வலையில் ஓடும் எல்லாத் தரவுகளையும் சமமாக நடத்த வேண்டும் என்ற பகுதிக்காகவே அது பெரிதும் பேசப்படுகிறது. அதன் நான்காம் உறுப்பைப் பலர் கவனிப்பதில்லை. அதன்படி நிலையான இணைப்பின் ஒப்பந்தத்தில் நான்கு வேகங்கள் எழுதப்பட வேண்டும்: குறைந்தபட்சம், வழமையாகக் கிடைப்பது, உச்சம், விளம்பரத்தில் சொன்னது. எழுதியதற்கும் கிடைப்பதற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தொடர்ந்தோ மீண்டும் மீண்டுமோ வந்தால், அதை அதிகாரசபை ஏற்ற அளவீட்டுமுறையால் நிறுவினால், அது ஒப்பந்த மீறலாகக் கருதப்படும். 'வரை' என்ற ஒரு சொல் இருந்த இடத்தில் நான்கு எண்கள் வந்தன. இதை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை.

ஜேர்மனியில் 2015 செப்ரெம்பரில் முகவரகம் பொதுமக்களுக்கான அளவீட்டுக் கருவியொன்றை வெளியிட்டது. 2017 யூன் முதல் ஒவ்வொரு இணைப்புக்கும் எண்களைத் தெளிவாகக் காட்டும் தகவல் தாள் கட்டாயமானது. அளவீட்டின் முதல் ஆண்டறிக்கைகள் சொன்னது இதுதான்: நிலையான இணைப்பை அளந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய 12 வீதத்தினரே ஒப்பந்தத்தின் முழு உச்ச வேகத்தைப் பெற்றார்கள். ஏறக்குறைய 70 வீதத்தினருக்குப் பாதியாவது கிடைத்தது. அதாவது பத்தில் மூவருக்குப் பாதிகூட இல்லை. அளக்க வருபவர்களில் குறையுள்ளவர்கள் கூடுதலாக இருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் எங்கள் தொழிற்சாலையிலிருந்து போகும் பெட்டிகளில் பத்தில் மூன்று இப்படி இருந்தால், எச்சரிக்கை பேசிக்கொண்டிருக்க யாரும் எங்களுக்கு நேரம் தரமாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் பாவனையாளருக்கு எண்கள் தெரியும், அளக்கவும் வழியுண்டு. அளந்தபின் என்ன செய்வது என்பதற்கு மட்டும் தெளிவான விடையில்லை. 2018ஆம் ஆண்டு ஐரோப்பியப் பணிப்புரையை உள்நாட்டுச் சட்டமாக்கும் கெடு 2020 டிசம்பரில் முடிந்தது. ஜேர்மனி ஏறக்குறைய ஓராண்டு பிந்தி, 2021 டிசம்பர் முதலாம் திகதி, புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதன் 57ஆம் பிரிவு முதல் தடவையாகத் தெளிவாகச் சொல்கிறது: வேகம் குறைந்தால், குறைந்த விகிதத்தில் கட்டணத்தையும் குறைக்கலாம், அல்லது தவணை முடியுமுன் ஒப்பந்தத்தை முறிக்கலாம். 58ஆம் பிரிவு இணைப்பு முற்றாக அறுந்தால் நட்டஈடு தருகிறது: முறையிட்டபின் மூன்றாம், நான்காம் நாட்களுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தின் 10 வீதம், ஐந்தாம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 வீதம், இரண்டில் எது கூடவோ அது. இணையத்தைப் பெறும் உரிமையும் சட்டத்தில் ஏறியது. 1994இன் 'போதுமான' என்ற சொல்லுக்கு 2022 யூனில் எண் கிடைத்தது: கீழிறக்க 10 மெகாபிற், மேலேற்ற 1.7. பின்னர் அது உயர்த்தப்பட்டது.

முப்பது அளவீடுகள்

இவ்வளவும் படித்தபின் நான் என் உரிமையைப் பாவிக்கத் தீர்மானித்தேன். விதி இப்படி: முகவரகத்தின் மென்பொருளைக் கணினியில் நிறுவி, கம்பியால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். வைஃபை செல்லாது. இரண்டு வாரத்துக்குள் மூன்று வெவ்வேறு நாட்களில் மொத்தம் 30 தடவை அளக்க வேண்டும், நாளுக்குப் பத்து. அளவீட்டு நாட்களுக்கிடையே ஒரு நாள் விட வேண்டும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடையில் ஐந்து நிமிடமாவது வேண்டும். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விட வேண்டும்.

இந்த விதிகளுக்குக் காரணம் உண்டு. ஒரு தற்செயலான மந்தத்தை வைத்து யாரும் பணம் கேட்கக்கூடாது, வீட்டுச் சுவர் செய்யும் பிழையைக் கம்பனியின் தலையில் போடக்கூடாது. அதை ஏற்கிறேன். ஆனால் இந்த விதியை எழுதியவர் மனதில் இருந்த பாவனையாளர் யார்? கணினி உண்டு, கம்பி உண்டு, ஜேர்மன் மொழி உண்டு, நாளில் இரண்டு தடவை வீட்டில் இருக்க நேரமும் உண்டு. நான் மூன்று முறைமாற்ற வேலைக்காரன். முதல் முயற்சியில் வைஃபையால் அளந்து தோற்றேன். இரண்டாவது முயற்சி மாலைமுறை வாரத்தில் விழுந்தது. நெரிசல் வருவது இரவு எட்டு மணிக்கு, நான் வீடு வருவது பத்தரைக்கு. மூன்றாவது முயற்சிக்காகக் காலைமுறை வாரத்தைக் காத்திருந்து, பின்னேரங்களில் மேசையில் உட்கார்ந்து அளந்தேன். ஒப்பந்தத் தாளில் உச்சம் 100, வழமை 80, குறைந்தபட்சம் 50. பின்னேரம் நாலு மணிக்கு 90 காட்டிய கருவி, இரவு எட்டரைக்கு 17 காட்டியது. மூன்று இரவுகளும் அப்படியே.

அறிக்கையை அச்சிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதலில் ரவுட்டரை நிறுத்தித் திருப்பிப் போடச் சொன்னார்கள். பிறகு ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்து, வீட்டுக்குள் பிழையில்லை என்றார். பிறகு நல்லெண்ணமாக ஒரு தடவைக்கு 15 யூரோ தருவதாக எழுதினார்கள். நல்லெண்ணம் வேண்டாம், 57ஆம் பிரிவு வேண்டும் என்று என் மகள் திருத்தமான ஜேர்மனில் பதில் எழுதித் தந்தாள். எவ்வளவு குறைப்பது என்பதை முகவரகம் தனியாருக்காகத் தீர்மானித்துத் தருவதில்லை. கம்பனியோடு பேச வேண்டும், முடியாவிட்டால் சமரசத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். நாலாவது மாதம், பிழை திருத்தப்படும்வரை மாதம் 12 யூரோ குறைக்கச் சம்மதித்தார்கள்.

பன்னிரண்டு யூரோ. எனக்கு அது வெற்றியாகவே இருந்தது, மறைக்கமாட்டேன். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் எரித்திரிய நண்பரிடம் சொன்னேன். அவர் வீட்டிலும் இதே கம்பனியின் இணைப்பு, இதே இரவு எட்டு மணி மந்தம். அவரிடம் கணினி இல்லை. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அவரது இரண்டு பிள்ளைகளும் ஒரே கைத்தொலைபேசியில் முறைவைத்துப் படித்தார்கள். இப்போதும் வீட்டில் கைத்தொலைபேசிகளே உண்டு. சட்டப்படி அவருக்கும் எனக்கும் ஒரே உரிமை. ஆனால் அந்த உரிமையின் வாசலில் ஒரு கணினியும் ஒரு கம்பியும் முப்பது அளவீடுகளும் நிற்கின்றன.

ஒரு மறுப்பும் என் பதிலும்

இக்கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்த பாரிஸ் நண்பர் ஒருவர் இரண்டு மறுப்புகளைச் சொன்னார். ஒன்று, இவையெல்லாம் நுகர்வோர் அரசியல், மூலதனத்தை எதிர்க்க வேண்டியவர்கள் அதனிடம் ரசீது கேட்டு நிற்பது பின்வாங்கல் என்பது. மற்றது, கட்டுப்பாடு கூடினால் கம்பனிகள் தாளில் குறைந்த எண்ணை எழுதித் தப்பிவிடும் என்பது.

முதலாவதற்கு வரலாற்றிலிருந்து பதில் சொல்கிறேன். ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய, நேரமும் தொழிற்சாலை ஒழுக்கமும் பற்றிய கட்டுரையில், தொழிற்சாலை முதலாளிகள் மணிக்கூட்டை முன்னும் பின்னும் நகர்த்தியதையும், தொழிலாளி கடிகாரம் வைத்திருப்பதைத் தடுத்ததையும் காட்டுகிறார். எட்டு மணிநேர வேலைநாளுக்காகப் போராடுமுன் மணி எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும். அளவைக்கான போராட்டம் பெரிய போராட்டத்துக்குப் பதிலீடல்ல, பல சமயம் அதன் முதற்படி. அதோடு, நுகர்வோர் என்ற சொல் எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் வாக்குரிமையில்லாத ஓர் அகதி இந்நாட்டில் முதலில் கையெழுத்திடும் பத்திரங்களில் ஒன்று தொலைபேசி ஒப்பந்தம். அவன் உரிமை கோரக்கூடிய சில இடங்களில் அதுவும் ஒன்று.

இரண்டாவது மறுப்பு கனமானது. இங்கே சட்டம் நான்கு எண்களை எழுதச் சொல்கிறது, எண் எவ்வளவு என்று சொல்வதில்லை. மரக்காலைச் செய்பவர் இன்னும் விற்பவரே. ஆனால் இதற்குத் தீர்வு கட்டுப்பாட்டைக் குறைப்பதல்ல. செக் குடியரசில் ஒழுங்காற்று அதிகாரசபையே விகிதத்தை விதித்துள்ளது: வழமையான வேகம் விளம்பர வேகத்தின் 60 வீதத்துக்கும், குறைந்தபட்சம் 30 வீதத்துக்கும் கீழே போகக்கூடாது. பிரித்தானியாவில் 2018 மே முதல், விளம்பரத்தில் சொல்லும் வேகம் நெரிசல் நேரமான இரவு எட்டு முதல் பத்து மணிக்குள் பாவனையாளரில் பாதிப்பேருக்காவது கிடைக்க வேண்டும். அங்கேயே 2019 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாட்டில் சேர்ந்த கம்பனிகள், இணைப்பு அறுந்து இரண்டு வேலைநாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால், கேளாமலே நட்டஈட்டைக் கணக்கில் வைக்கின்றன. அது அறுந்த இணைப்புக்கு மட்டுமே, மந்தமான இணைப்புக்கல்ல. ஆனாலும் 'கேளாமலே' என்ற சொல்லில் பாடம் இருக்கிறது.

பெற்றோல் நிலையத்துக்கு நான் அளவுச் சாடியோடு போவதில்லை. பம்பில் பொது அதிகாரியின் முத்திரை இருக்கிறது. இறைச்சிக் கடைத் தராசுக்கும் அப்படியே. அவற்றில் அளவை சரியென்று காட்டும் பொறுப்பு விற்பவருடையதும் அரசுடையதும். இணையத்தில் மட்டும் அந்தப் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுந்திருக்கிறது. ரவுட்டர் கம்பனியுடையது, வட்டாரத்தின் நெரிசல் கணக்கும் கம்பனியிடம் உண்டு. அந்தக் கணக்கை அதிகாரசபை நேரடியாகப் பார்வையிட்டு, குறைந்த மாதத்துக்குரிய பணத்தை எல்லா வீடுகளுக்கும் கேளாமலே கழிக்கச் செய்யலாம். அதிகாரசபை எதைப் பார்க்கலாம், எவருடைய தரவு எங்கே போகும் என்ற கேள்விகளும் உடனே எழும். கண்காணிப்பை அனுபவித்த நாங்கள் அந்தக் கேள்விகளை மற்றவர்களைவிடக் கவனமாகக் கேட்போம். இருந்தும், வேகத்தின் எண்ணை அளப்பதற்கு உள்ளே என்ன பேசுகிறோம் என்று ஒட்டுக்கேட்கத் தேவையில்லை.

மெழுகுதிரியால் வாயுவை அளந்த 1860இன் லண்டனில், சோதனை பொது அதிகாரியின் வேலையாக இருந்தது. அதைவிடப் பின்னால் நாங்கள் ஏன் நிற்க வேண்டும் என்பதை இதழின் வாசகர்கள் விவாதிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். மற்ற நாடுகளில் வாழும் நண்பர்கள் தங்கள் நாட்டு நிலையை எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என் பழைய மடிக்கணினியையும் ஐந்து மீற்றர் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு எரித்திரிய நண்பர் வீட்டுக்குப் போகிறேன். அவர் மனைவி கோப்பி வறுத்துத் தருவா. ஐந்தாவது அளவீடு முடிந்ததும் மூன்று மணித்தியாலம் காத்திருப்போம். அவர் அஸ்மாராவைப் பற்றிச் சொல்வார், நான் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்வேன். பிறகு ஆறாவதைத் தொடங்குவோம். இதுவரை இருபது முடிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு மீதிப் பத்து.